என் கலியாணத்துக்கு நானே சொன்ன தடை

நிரப்பாமல் விட்ட கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இது பிறவிக் குணமல்ல. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் மருத்துவமாது வேலை பழகியபோது தொற்றிய வியாதி. பிள்ளை பிறந்த நேரம் எழுதாத அட்டையை எங்கள் தலைமைத் தாதி கையில் எடுத்து, "இந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை" என்பார். பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். நேரத்தை எழுதிய பிறகுதான் அவர் அதன் பக்கம் திரும்புவார்.

இந்த வியாதியோடுதான் நெடுந்தீவுக்கு அரசாங்க மருத்துவமாதுவாக வந்து சேர்ந்தேன். (சொந்த ஊர்தான். ஆனால் எட்டு வயதில் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஆகவே ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது விடுமுறைக்கு வரும் விருந்தாளிக்குத் தெரிந்த அளவுதான். அந்தக் காலத்தில் யாராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.) ஊரார் என்னை மிசி என்று கூப்பிட்டார்கள். உலக யுத்த காலம். அரிசி, சீனி, துணி எல்லாம் கூப்பனுக்குத்தான். பிள்ளைகள் மட்டும் கூப்பன் இல்லாமல் வந்துகொண்டிருந்தன.

இரண்டாம் வருடம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பிலிப்பு, ஊர்காவற்றுறையில் வாத்தியார். சனிக்கிழமை வள்ளத்தில் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவார். அவருக்குத் தகப்பன் இல்லை. தாய் ஞானம்மா மாமிதான் தானாகவே வந்து என்னைக் கேட்டவர். பிலிப்பை எனக்குப் பிடித்த காரணங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கடிதத்தில் திகதி போடுவார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். ஒரு பிரசவம் இழுத்துக்கொண்டு போனதால் அவரை முழுப் பின்னேரமும் எங்கள் விறாந்தையில் காக்க வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தாயும் பிள்ளையும் சுகமோ?" தாளில் இன்னும் இருந்தன. அவற்றை இங்கே எழுதுவதாக இல்லை.

இந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் பாதிரியார், ஊரார் வாயில் சுவாமி, என்னிடம் ஓர் உதவி கேட்டார். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. என் கையெழுத்து நல்லது. பிரதி எடுத்துத் தர முடியுமா?

முடியுமாவா? பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள். பிள்ளையின் பெயர், தாய், தகப்பன், ஞானத்தகப்பன், ஞானத்தாய். எனக்கு அது திருநாள் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் என் அப்புவின் வரிக்கு வந்தேன். அப்பு என்றால் என்னைப் பெற்ற ஐயாவின் தகப்பன், சூசை. நான் பிறக்கும் முன்பே செத்துப்போனவர். பிள்ளை: சூசை. தாய்: மதலேனாள். தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

எங்கள் வீட்டில் மதலேனாளைப் பற்றிப் பேச்சு வரும். தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவள், மதில் கட்டுகிற ஆண்களோடு சேர்ந்து கல் தூக்கியவள் என்றெல்லாம் சொல்வார்கள். அவளுடைய புருஷன் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. செத்திருப்பான் என்று நானாகவே ஒருவனைக் கட்டிவைத்துச் சாகடித்தும் விட்டிருந்தேன். இப்போது பார்த்தால் வெறும் கோடு. கலியாணத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கூறைச்சேலைக்கும் காற்சட்டைத் துணிக்கும் இடையில் எழுதினேன்: "அப்புவின் தகப்பன்."

ஐயாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, நோயாளி சொல்வதைக் கேள், ஆனால் நீயே பார்த்து முடிவு செய் என்பது. அதில் முதல் பாதியை நான் அந்த வாரம் மறந்துபோனேன்.

என் ஆராய்ச்சி ஒழுங்காகத்தான் தொடங்கியது. அப்புவுக்கு ஞானஸ்நானம் ஆவணி மாதத்து மரியாள் திருநாளுக்கு மறுநாள். அக்காலத்தில் பிள்ளை பிறந்து ஒரு கிழமைக்குள் கோயிலுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். (இந்தக் கணக்கை நான் நித்திரையிலும் பிழையில்லாமல் செய்வேன். என் சம்பளமே அதற்குத்தான்.) கார்த்திகையின் தொடக்கம் வந்தது. வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் காலம். வெளியூர் வள்ளம் வராது. ஆகவே ஆள் உள்ளூர்.

அடுத்தது, யார் இல்லை என்று வெட்டிக்கொண்டே போவது. முதல் வெட்டு ஞானத்தகப்பனுக்கு விழுந்தது. புத்தகத்தில் ஞானத்தகப்பன் செபஸ்தியான் என்று இருந்தது. பெற்ற தகப்பன் தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மடத்தில் இதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். ஆகவே செபஸ்தியானுக்கு மேலே ஒரு நேர்கோடு. கலியாணப் புத்தகத்தையும் சாவுப் புத்தகத்தையும் வைத்து மற்றவர்களையும் வெட்டினேன். செத்தவர், கிழவர், மீசை முளைக்காதவர் எல்லோரும் போன பிறகும் மூன்று பக்கம் ஆண்கள் மிஞ்சினார்கள்.

அங்கேதான் எனக்கு மாட்டுக்குறி ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் மாடுகள் வெளியில் மேயும். ஆருடைய மாடு என்று தெரிய, சுட்ட இரும்பால் குறி வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. ஊர் அதிகாரியான விதானையார் வீட்டு அலுமாரியில் அந்தக் குறிகளைக் கீறி வைத்த புத்தகம் ஒன்று உண்டு. அவருடைய மருமகளின் பிள்ளையை நிறுக்கப் போன சாட்டில் அதைக் கேட்டு வாங்கினேன். விதானையார், "மாடு வாங்கப் போறீரோ மிசி?" என்றார். "இல்லை, சும்மா" என்றேன். (வாழ்க்கையில் நான் சும்மா எதையும் பார்த்ததில்லை.)

சூசையின் பெயருக்கு எதிரே ஒரு வட்டம், அதன் தலையில் சிலுவை, வலப்பக்கம் சரிவாக ஒரு கோடு. நாலு பக்கம் முன்னுக்குப் புரட்டினேன். மரியாம்பிள்ளை என்பவரின் பெயருக்கு எதிரே அதே வட்டம், அதே சிலுவை. கோடு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த இராயப்பு அண்ணையை மறித்தேன்.

"அண்ணை, மகன் பிரிஞ்சு போய்த் தனிய மாடு வைச்சால் குறிக்கு என்ன செய்வியள்?"

"தேப்பன்ரை குறியோடை ஒரு கோடு கூட இழுப்பம். எங்கை இழுக்கிறதெண்டால்..."

"காணும் அண்ணை. நல்லது" என்று சொல்லிவிட்டு நான் நடையைக் கட்டினேன். எனக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிட்டது. அவர் அந்த வசனத்தை மாட்டுக்குத்தான் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மரியாம்பிள்ளை யார் என்பது உறைத்தது. பிலிப்புடைய பூட்டன். அவருடைய தகப்பனின் பாட்டன். அப்படியென்றால் பிலிப்புடைய பாட்டனும் என் அப்புவும் ஒரே தகப்பனின் ஆண்பிள்ளைகள். அவருடைய தகப்பனும் என் ஐயாவும் அண்ணன் தம்பி. பிலிப்பு எனக்கு அண்ணன்.

அன்று மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. போனேன். மூன்றாம் வீட்டில் பிள்ளையின் நிறை எழுத வேண்டிய கட்டத்தில் பிலிப்பு என்று எழுதியிருந்தேன். அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம். வெட்டிவிட்டு நிறையை எழுதினேன். ஒரு கட்டத்தில் பிழையாக எழுதி வெட்டியது, இருபத்தைந்து வயதில் எனக்கு அதுதான் முதல் தடவை.

எங்கள் வேதத்தில் கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவாமி சொல்வார். எங்களுக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதுக்குப் பிறகு வரும் புதன்கிழமை கலியாணம். சனிக்கிழமை காலையில் சுவாமியிடம் தனியாகச் சொல்ல அவர் தங்கும் அறைவீட்டுக்குப் போனேன். சுவாமி சாகக்கிடந்த நோயாளி ஒருவருக்கு அவஸ்தை எண்ணெய் பூச எழுவைதீவுக்குப் போய்விட்டார், பூசை நேரத்துக்குத்தான் வருவார் என்றார்கள்.

திரும்பும்போது மதில்களுக்கு நடுவே உள்ள ஒழுங்கையில் பிலிப்பு எதிரே வந்தார். கையில் எனக்கு வாங்கி வந்த மைப்போத்தல். யுத்த காலத்தில் மை கிடைப்பது லேசல்ல. நான் தலை குனிந்து, "வாங்கோ அண்ணை" என்றேன்.

பிலிப்பு பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"ஆரைச் சொல்லுறீர்?"

"உங்களைத்தான். நாளைக்கு எல்லாம் விளங்கும்" என்று சொல்லிவிட்டு மையை வாங்காமல் போனேன். இதை மிகவும் கண்ணியமாகச் செய்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை. சுவாமி வள்ளத்திலிருந்து நேரே பீடத்துக்கு வந்தவர் போல நனைந்திருந்தார். ஓலையை வாசித்து, கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் பெண்கள் பக்கத்தில் நான் எழுந்து நின்றேன். கையில் ஒரு தாள். அதில் ஏழு அம்சம்.

"சுவாமி, தடை இருக்கு."

கோயில் முழுவதும் திரும்பியது. சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் மாறவில்லை.

"பிள்ளை, இப்ப வாசிச்சது உம்மடை ஓலை."

"ஓம் சுவாமி. அதுக்குத்தான்."

"மாப்பிளை வேண்டாமெண்டால் அது தடையில்லை. அதை வீட்டிலை கதைக்கிறது."

"வேணும் சுவாமி. ஆனா ஏலாது. அவர் எனக்கு அண்ணன் முறை."

சபை நடுவில் ஒரு குமர்ப்பெண் மாப்பிள்ளை வேணும் என்று சொன்னதுதான் முதலில் எல்லோர் காதிலும் விழுந்தது. அண்ணன் என்றது பிறகுதான் போய்ச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தபோது எழுந்த சத்தத்தில் பீடத்துக்கு மேலே இருந்த புறாக்கள் வெளியேறின. சுவாமி மணியை அடித்து, "இது பூசை. மிச்சம் பிறகு" என்றார். அந்தப் பூசையில் யாராவது செபித்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

பூசை முடிந்து அறைவீட்டு விறாந்தையில் கூடினோம். கதிரையில் சுவாமி. ஒரு பக்கம் ஐயாவும் விதானையாரும். மறு பக்கம் ஞானம்மா மாமியும் பிலிப்பும். வெளியே மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர்.

நான் ஏழு அம்சத்தையும் வாசித்தேன். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தின் பக்கத்தோடு. கார்த்திகைக் கடலைச் சொன்ன இடத்தில் சுவாமியே தலையாட்டினார். ஞானஸ்நான வரியைப் பெயர் பெயராக வாசித்த இடத்தில் ஐயா கூரையைப் பார்க்கத் தொடங்கினார். அதை நான் துக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

வாசித்து முடிந்ததும் மாமி எழுந்தார். "என்ரை மனிசன்ரை பாட்டன் மாடு வைச்சிருந்தவர், உண்மைதான். அதுக்காக ஊரிலை நிண்ட கண்டு காலியெல்லாத்துக்கும் அவரோ தேப்பன்?"

"குறி சொல்லுது மாமி."

"அந்தக் கோடு எங்கை கிடக்குது மிசி?" என்று விதானையார் கேட்டார்.

"வலப்பக்கம். சரிவாக."

"மகனுக்கு இழுக்கிற கோடு கீழை வரும். பக்கத்திலை சரிச்சு இழுத்தால் அது வாரத்து மாடு. மரியாம்பிள்ளையின்ரை மாட்டை உங்கடை அப்பு வாரத்துக்கு வளர்த்தவர். கண்டுகளிலை அவருக்கும் பங்கு. மாடு ஆற்றை, மேய்க்கிறது ஆரெண்டு காட்டத்தான் அந்தக் கோடு. இதை ஒரு மாட்டுக்காரனிட்டைக் கேட்டிருக்கலாமே?"

கேட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். இராயப்பு அண்ணை மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

உடனே எனக்கு வந்தது வெட்கமல்ல. பிலிப்பு அண்ணன் இல்லை என்ற ஆறுதல். நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கட்டம் இன்னும் வெறுமையாகத்தானே கிடக்கிறது?

"அப்ப ஆர்?" என்றேன்.

விதானையார் ஐயாவைப் பார்த்தார். ஐயா மாமியைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தார். கடைசியில் விதானையார் தொண்டையைச் செருமினார்.

"உம்மடை ஐயாவுக்கு என்ன பேர்?"

"செபஸ்தியாம்பிள்ளை."

"மூத்த பேரனுக்கு ஆற்றை பேர் வைக்கிறது வழக்கம்?"

"தகப்பன்ரை தகப்பன்ரை."

"அப்புவுக்கு ஞானத்தேப்பனா நிண்டது ஆரெண்டு இப்ப வாசிச்சீர்?"

நான் தாளைப் பார்த்தேன். என் கையாலேயே அழகாக நேர்கோடு இழுத்து வெட்டிய பெயர் அங்கே கிடந்தது. எழுதப் பழகிய நாளிலிருந்து என் ஐயாவின் பெயரை எழுதி வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கும் இடத்தில்.

"பெத்த தகப்பன் ஞானத்தகப்பனா நிக்கேலாது. சட்டம்" என்றேன்.

ஐயா அப்போதுதான் வாய் திறந்தார். "சட்டம் தெரிஞ்ச சுவாமிக்குத் தகப்பனைத் தெரியாது. தகப்பனைத் தெரிஞ்ச சனத்துக்குச் சட்டம் தெரியாது. மதலேனாளைக் கட்ட அவரை வீட்டுக்காரர் விடேல்லை. ஒரு கட்டத்திலை பேர் போடேலாமல் போச்சு. மற்றக் கட்டத்திலை போட்டிட்டுப் போனார்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும் மோனை. உனக்கும் தெரியுமெண்டுதான் நினைச்சிருந்தனான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓம் ஓம் என்று பல குரல்கள் கேட்டன.

செபஸ்தியான் என்பவர் வேறு யாருமல்ல, ஞானம்மா மாமியின் தகப்பனைப் பெற்றவர். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இவர் எனக்கு அண்ணன்" என்று ஐயாவைக் காட்டினார். "என்ரை ஐயாவும் இவற்றை ஐயாவும் ஒரு தேப்பன்ரை பிள்ளையள். எனக்குச் சின்னனிலேயே தெரியும். ஒரே கோயிலுக்கு வாறம், ஒரே கிணத்திலை தண்ணி அள்ளுறம். ஆனா ஒருநாள் வாய் திறந்து கூப்பிட்டதில்லை. அண்ணன்ரை மேளை மகனுக்கு எடுத்தால் எல்லாம் ஒண்டாயிடும் எண்டுதான் உன்னைக் கேட்டு வந்தனான். நீ அவனுக்கு மச்சாள். இதைவிட என்ன முறை வேணும் உனக்கு?"

ஐயா தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "இரு ஞானம், நிக்காதை" என்றார். அவர் மாமியைப் பெயர் சொல்லி அழைத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்திருக்கும். சுவாமி விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்.

"அப்ப பொம்பிளைக்கும் மாப்பிளைக்கும் பூட்டன் ஒராள்."

"ஓம் சுவாமி" என்றோம் எல்லோரும், மிகுந்த சந்தோஷத்தோடு.

"அப்ப தடை இருக்கு."

சுவாமி மடித்த விரல்களை அப்படியே தூக்கிக் காட்டினார்.

"மூண்டாம் தலைமுறை இரத்த உறவு. யாழ்ப்பாணத்து மேற்றிராணியாரிட்டை விலக்குக் கேட்டு எழுதாமல் தாலி கட்டேலாது. இது எனக்குத் தெரியாமல் இருந்தால் நான் பாட்டுக்குக் கட்டி வைச்சிருப்பன். இப்ப தெரிஞ்சு போச்சு."

ஊரே ஒன்றுகூடி, புத்தகத்தில் கோடு இருக்கும் தைரியத்தில், பேசாமல் காப்பாற்றி வைத்த இரகசியம் அது. நான் பூசையில் எழுந்து நின்று கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். தடை இருக்கு என்று நான் சொன்னது சரி. ஆள்தான் பிழை. (இந்த இரண்டு வசனத்தையும் நான் இந்த வரிசையில்தான் சொல்வேன். பிலிப்பு மாற்றிச் சொல்வார்.)

எங்கள் ஆயரான மேற்றிராணியாருக்கு விண்ணப்பத்தோடு வம்ச வரிசையும் கீறி அனுப்ப வேண்டும் என்றார் சுவாமி. "நீரே எழுதும் பிள்ளை. உமக்குத்தானே இதெல்லாம் விருப்பம்." எழுதினேன். மேலே செபஸ்தியான். கீழே இரண்டு கிளை. ஒரு கிளையில் மாமியின் தகப்பன், மறு கிளையில் சூசை. ஐயா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே இருந்த பெயரிலிருந்து சூசைக்கு வந்த கோட்டில் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு, "இன்னொண்டு எழுதித் தா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வாரத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் சரியானது அது ஒன்றுதான்.

புறப்படும்போது பிலிப்பு மைப்போத்தலை என் கையில் தந்தார். "நான் வள்ளத்துக்குப் போறன் தங்கச்சி. விண்ணப்பத்தை வடிவா எழுதும்" என்றார். சத்தமாகச் சிரிக்கவில்லை. அவரைப் பிடித்த காரணங்கள் என்று தாளில் எழுதியது சரிதான்.

கடிதம் போய், மேற்றிராணியார் ஊரூராகப் பயணம் போயிருந்து, திரும்பி வந்து, அனுமதி எங்கள் கைக்குக் கிடைத்தது விபூதிப் புதனுக்கு முதல் நாள். அடுத்த நாள் தபசு காலம். உயிர்த்த ஞாயிறு வரை கலியாணம் இல்லை. இதற்கிடையில் கலியாணத்துக்கென்று மாமி சுட்டு வைத்திருந்த பயத்தம் பணியாரம் அத்தனையையும் இரண்டு வீட்டாரும் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. மாமி தானே பெட்டியில் கொண்டு வந்து, வாசலில் நின்று, "அண்ணை, அண்ணை" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவார். ஐயா முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல மாட்டார். இன்னொரு தடவை கேட்க விருப்பம் என்று நான் கண்டுபிடித்தேன். இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழித்து எங்களுக்குக் கலியாணம் நடந்தது. இப்போது இரண்டு பிள்ளைகள். யாருடைய ஓலை வாசித்தாலும் கோயிலில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற சொல் வந்ததும் சுவாமி ஒரு கணம் நிறுத்துவார். சபை முழுவதும் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்க்கும். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அதன் பிறகுதான் பொம்பிளை வீட்டார் மூச்சு விடுவார்கள்.

போன மாதம் அந்தச் சுவாமி மாற்றலாகிப் புதியவர் வந்தார். இளம் ஆள். முதல் ஞாயிறே ஒரு கலியாண ஓலை. அவர் பாட்டுக்கு நிறுத்தாமல் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். கோயில் மூப்பர் பீடத்தடிக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும் குரலில் இரகசியம் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்கோ சுவாமி. இன்னும் மிசியைக் கேக்கேல்லை."